முகவரி என்னும் இடத்தில்

பொகவந்தலாவைக் கிளையில் மூன்றாவது கவுன்டர் என்னுடையது.
மழை நாளில் கண்ணாடி வியர்த்துவிடும்,
வரிசையில் நிற்பவர்கள் வெறும் நிறங்களாகத் தெரிவார்கள்.

சரோஜனி, முனியாண்டி மகள், வயது நாற்பத்தாறு.
படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
தொழில்: கொழுந்து.
மாத வருமானம் என்ற பெட்டிக்கு
"மழையப் பொறுத்தது மிஸ்" என்றாள்.
நான் ஓர் எண் எழுதினேன்.
முகவரி?
"எட்டாம் லயம், கடைசிக் காம்பிரா."
அது முகவரி ஆகாது அக்கா,
தோட்டத்துப் பெயரைப் போடுகிறேன், கடிதம் ஆபீசுக்கு வரும்.
தலையாட்டினாள்.
அவளுக்கு வந்ததெல்லாம் ஆபீசுக்குத்தான் வந்தன,
சில நேரம் பிரிக்கப்பட்டும்.

வெளியே ஓர் ஆட்டோ அணையாமல் நின்றது.

ஃபோன் கடை நிரோஷனுக்குக் காட்டும் இரகசிய எண்ணும்.
அவளுக்கு மாதம் ஐயாயிரம்.
"நம்ம கணக்கு சும்மாதானே கெடக்கு."
இதை அவள் பிறகுதான் சொன்னாள், என்னிடம் அல்ல.
சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள்,
அடியில் தமிழில் ஒப்பமிட்டாள்.

சும்மா கிடந்த கணக்கில்
பதினொரு நாளில் எண்பத்திரண்டு இலட்சம்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ வெட்டும் தராசு இல்லை அது,
வந்தது வந்தபடியே போனது:
குருணாகலில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரின் பணிக்கொடை,
சிலாபத்தில் ஒரு கைம்பெண் அடகு வைத்த வளையல்
(கப்பல் கப்டன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள
டிக்கட் போட வேண்டியிருந்தது).
நள்ளிரவு தாண்டி டிக்கோயா மெஷினில் தாளாகி,
பிறகு தாளே இல்லாத ஏதோ காசாகிக்
கடல் தாண்டியது.
அதனிடம் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை.

அந்தக் கப்டனும் ஒரு பொடியன்தானாம்.
கணினி வேலை என்று விமானம் ஏறி,
பாங்கொக்கில் இறங்கி, இருட்டில் ஆறு தாண்டி,
முள்வேலிக்குள் பதினாறு மணிநேரம்
அன்பைத் தட்டச்சு செய்கிறவன்.
நாள் கணக்குக் குறைந்தால் மின்சாரக் கம்பி.
வாசித்துக்கொண்டே வந்த நான்
'நாள் கணக்கு' என்ற இடத்தில் நின்றேன்.
பதினெட்டுக் கிலோ எடுக்காதவளுக்கு அரைப்பேர்.
ஆசை காட்டித் தண்ணீர் தாண்டிக் கொண்டுவந்து
கடனுக்குள் பூட்டி வைப்பதை
இந்த மலைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோப்பு ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போனது.
கொழும்பு ஒரு நாட்டுக்கு எழுதியது.
ஏழு மாதம் கழித்து அந்த நாடு பதில் போட்டது:
குறிப்பிட்ட ஆற்றங்கரை தற்போது எமது கட்டுப்பாட்டில் இல்லை.
ஓர் அரசாங்கம் தன் கரையைப் பற்றி
இப்படியும் எழுதலாம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
நிரோஷனின் கடையில் இப்போது கோழி விற்கிறார்கள்.
ஆகவே, கண்டுபிடிக்கக்கூடிய ஒருத்தியைக்
கண்டுபிடித்தார்கள்.

நாற்பத்தாறு வருடம் தபால்காரன் மிதிக்காத படி.
ஜீப் கீழே நிற்க
இரண்டு பொலிஸ்காரர் சேற்றில் ஏறிப் போய்
எட்டாம் லயம், கடைசிக் காம்பிரா,
ஒரு கதவும் தவறாமல்
சரியாகத் தட்டினார்கள்.

கணக்கை முடக்கியதும் நான்தான். ஒரேயொரு விசை.
உள்ளே மூவாயிரத்து நூற்று நாற்பது ரூபாய் இருந்தது.
களவும் இல்லை, வாடகையும் இல்லை,
தீபாவளி முற்பணத்தில் மிச்சம்.

என் தலைக்கு மேல் சட்டமிட்ட தாள் ஒன்று தொங்குகிறது:
அந்தக் காலாண்டில் அதிகக் கணக்குத் திறந்த அலுவலர்.
கழற்றலாம்தான்.
கழற்றினால் சுவரில் வெள்ளைச் சதுரம் தெரியும்,
மனேஜர் கேட்பார்.

புதுப் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது:
உங்கள் அட்டையை வேறெவரும் பயன்படுத்துவார்களா?
"இல்ல மிஸ்" என்கிறாள்
அடையாள அட்டை எடுத்து நான்கு நாளான பிள்ளை,
வாசலைப் பார்த்தபடி.
கண்ணாடியைக் கையால் துடைத்தேன்.
ஓர் ஆட்டோ. யாருடையதாகவும் இருக்கலாம்.
அணைக்கவில்லை.

முகவரி? என்றேன்.