நம்பிக்கை: தொண்ணூற்றேழு

இரும்புக்கடைக்கு மேல்மாடி.
ஆறு கணினி, ஒரு மின்விசிறி,
அதுவும் கீர்த்திகன் பக்கம்தான் பார்க்கும்.
இரவிரவாக இணையத்தை மேய்ந்துவிட்டு
தனக்கு விளங்கியதையெல்லாம்
விடிய வரிசையில் வைத்திருக்கும் இயந்திரம்.
எங்களுக்கு இரண்டு பொத்தான்:
சரி. பிழை.
ஒரு வசனத்துக்கு மூன்று ரூபாய்.

"பாலை: மழை இல்லாத நிலம்.
நம்பிக்கை தொண்ணூற்றெட்டு வீதம்."
பழைய பாட்டெல்லாம் வாசித்திருக்கிறது, பாவம்.
வைகாசியில் எங்கள் காட்டுக்கு வந்து
மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்று
உதடு ஒட்டிக்கொண்டு நின்றதில்லை.
பிழை என்று அழுத்தப் போய்
விரலை எடுத்தேன்.
அதுவும் சரிதானே.

"கட்டை: விறகு."
மூன்றாம் கட்டையில் இறங்கித்தான்
நான் வீட்டுக்கு நடக்கிறேன்.
விறகில் இறங்குகிற பெண் என்று
கீர்த்திகன் நாள் முழுக்கச் சிரித்தான்.

பிறகு இது வந்தது:
"புதுக்குடியிருப்பு. வகை: போர்.
நம்பிக்கை தொண்ணூற்றேழு."

ஊர் இல்லையாம். சந்தி இல்லையாம்.
கீழே யாரோ பிணைச்சல் விலை கேட்டு
அம்பது ரூபாய்க்குச் சண்டை பிடிக்கிறார்.
பிழை என்று அழுத்தினேன்.
மறுகிழமை அதே வரி திரும்பி வந்தது,
ஆதாரத்தோடு: நாலாயிரத்து முந்நூறு பக்கங்கள்.
முடிந்தவரை திறந்து பார்த்தேன்.
ஒன்றும் பொய்யில்லை.
ஒரு படத்தில் எங்கள் வளவு மாமரம் நின்றது,
பாதி.

கொழும்பிலிருந்து மேற்பார்வை செய்யும் ஷிஃப்னா
தொலைபேசியில் சொன்னாள்:
"நீங்க அழுத்துறது அதுக்கு ஒரு வாக்கு மட்டும்தான்.
ஏலுமெண்டா அது வாசிக்கிறதை மாத்துங்க."
பகிடிக்குத்தான் சொல்லியிருப்பாள்.

அன்றிரவு ஒரு பக்கம் திறந்தேன், பெயர் போடாமல்.
புதுக்குடியிருப்புச் சந்தையில் இன்று கத்தரிக்காய் நூற்றெண்பது.
புதுக்குடியிருப்பில் மத்தியானம் மழை,
கொடியில் கிடந்த உடுப்பு முழுக்க நனைந்தது.
புதுக்குடியிருப்புத் தபாற்கந்தோர் வாசலில்
ஒரு கிடாய், யாருடையதென்று தெரியவில்லை.
வினுஜா கணக்கில் மட்டும் சித்தி.
பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டும்.
புதுக்குடியிருப்பில் ஐந்தரை பஸ் நேரத்துக்கு வரும்.

கடைசியது ஆசையில் எழுதியது.

ஏழு மாதம்.
நேற்றுக் காலை வரிசையில்:
"புதுக்குடியிருப்பு. வகை: போர்.
நம்பிக்கை தொண்ணூற்றாறு."
அதற்குக் கீழே,
"பாலை: பழம். உதடு ஒட்டும்.
நம்பிக்கை நாற்பது. ஆதாரம்: ஒரு பக்கம்."
என்னுடைய பக்கம்.
எழுதியவர் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாதென்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாலாம் பந்தி.
சரி என்று அழுத்தினேன்.

இன்னும் கீழே,
"ஐந்தரை பஸ் நேரத்துக்கு வரும்.
நம்பிக்கை எண்பத்தொன்று."
மிச்ச நம்பிக்கையை எங்கே பொறுக்கியதோ.
இந்த உலகத்தில் வேறு யாரும்
இப்படி எழுதியிருக்க வழியில்லை.
அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

இப்போது ஆறேகால்.
சந்தியில் நிற்கிறேன்.
பிழை என்று அழுத்தியிருக்கலாம்.
பரந்தன் பக்கம் ஒரு வெளிச்சம் தெரிகிறது,
லொறியாகவும் இருக்கலாம்.