எந்த வாட்டு?

இரவு ஒன்பதுக்குப் பிறகு
பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு கேள்விதான்.
எந்த வாட்டு?
சிங்களத்தில் கேட்பான், முகம் பார்க்காமல்.
நேற்று முப்பத்தெட்டு என்றேன்.
முந்தாநாள் பதினைந்து,
மாமிக்குச் சீனி வருத்தம், காலை எடுக்கவேணுமாம்.
மாமிக்கு ஒரு வருத்தமும் இல்லை.
புளூமெண்டல் வீதியில் சுகமாக இருக்கிறாள்,
சத்தம் போடாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று
அவருக்கல்ல, எனக்குச் சொன்னவள்.

கையில் பிளாஸ்க் இருந்தால் நம்புவார்கள்.
அதற்குள் ஒன்றுமில்லை,
ஒரு சீப்பு, அடையாள அட்டை,
மடித்த ஆயிரம் ரூபாய்.

இதே வாசலுக்கு இரண்டு வருஷம் முன்பு
மணிக்கட்டு உடைந்து வந்தேன்.
பாத்ரூமில் வழுக்கினேன் என்றேன்.
டாக்டர், சின்னப் பிள்ளை, பேனையை நிறுத்தி
இரண்டு கையுமா? என்றாள்.
அவர் என் பின்னால்
என் ஹேண்ட்பேக்கைப் பிடித்தபடி நின்றார்.
ஓம், இரண்டும்.

பிறகு பொலிஸில் எழுதினார்கள்.
பெயர் இமெல்டா, வயது முப்பத்தாறு.
விலாசம் என்ற இடத்தில்
அவருடைய வீட்டைத்தான் சொல்ல முடிந்தது.
கடிதம் அங்கே போனது.
அவர் வாசித்தார்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அறை,
ஒரு பக்கச் சுவர் வெறும் பிளைவுட், ஆறு மாத அட்வான்ஸ்.
மிஸ்டருக்கு எங்கே வேலை?
மிஸ்டர் இல்லை என்றேன்.
அப்ப பிறகு பார்ப்பம் என்றாள் வீட்டுக்காரி,
ஈரத்துணி பிழிந்துகொண்டே.
அண்ணன் வீட்டில் ஒன்பது நாள்.
பத்தாம் நாள் அண்ணி
என் தலையணை உறையைத் தோய்த்துக் காயப்போட்டாள்.
திருப்பித் தரவில்லை.

பகலில் புறக்கோட்டைத் துணிக்கடையில் பில் போடுகிறேன்.
கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவி
லிப்ஸ்டிக் பூசித்தான் போவேன்.
கல்யாண வீடா மிஸ் என்று கேட்கிறான் பார்சல் கட்டும் பையன்.

இன்றைக்கு மழை.
எனக்கு முன்னால் ஒருத்தி,
அபாயாவின் கரை நனைந்து முழங்கால் வரை ஏறியிருக்க,
தோளில் உறங்கும் மகன்,
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
எந்த வாட்டு?
அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள்.
பிளாஸ்க் எடுத்துவரவும் தோன்றியிராது.
நாற்பத்திரண்டு என்றேன் பின்னாலிருந்து,
என்னோடு வந்தவள்.

அவன் நிமிர்ந்தான்.
என் முகம். அவள் உதடு. பிள்ளையின் வெறுங்கால்.
நாற்பத்திரண்டைப் பூட்டி ஒரு மாசம், என்றான்,
பெயின்ட் அடிக்கிறார்கள்.
மழை கேட்டது கொஞ்ச நேரம்.
ஐம்பதாக இருக்கும் என்றான்.
பிறகு தமிழில்,
போங்க.

பெஞ்சில் பிள்ளையை நடுவில் கிடத்தினோம்.
நான் பெயர் கேட்கவில்லை.
ஐந்தரைக்குக் கூட்டுகிறவர்கள் வருவார்கள்,
அதற்கு முன் எழும்பவேணும்,
மூன்றாவது குழாயில்தான் தண்ணீர் வரும்,
அவ்வளவும் சொல்லிவைத்தேன்.