பன்னிரண்டு ஜோடி

வின்னிபெக், செல்கர்க் அவென்யூ, தேவாலயத்தின் அடித்தளம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மணி கோத்த பாபின்கள், எலும்பில் கடைந்தவை,
ஒன்று பதினான்கு டாலர்.
கை போனது.
"முதல் லேஸுக்கு அது வேண்டாம்," என்றாள் ஹலீனா,
"மணி சிக்கும், நீ திட்டுவாய்."
மொட்டை மரத்தில் ஒரு பை, மேலே பென்சிலில்
பன்னிரண்டு ஜோடி. எட்டு டாலர்.

தலையணைக்குக் காசு கொடுக்கவில்லை.
நிலவறைச் சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய
தெர்மாகோல் பலகை, அதன்மேல் நீலப் பருத்தி,
வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிய.
சேலைக்குக் குத்தும் ஊசி துருப்பிடிக்கும்;
ஊசியில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.
நூல் தடிமன்தான். தப்பும்
தடிமனாகவே தெரியட்டும்.

வீட்டில் எண்ணினால் இருபத்து மூன்று.
மறுபடியும் இருபத்து மூன்று.
ஒரு நூலின் இரு முனையை இரண்டு பாபின் சுமக்கும்;
ஒற்றைக்கு இங்கே வேலையில்லை.
திரும்பப் போய்க் கேட்கலாம்,
காரைக் கிளப்பவே அரை மணி.

நேற்றைய நூடுல்ஸோடு வந்த குச்சியை
அரைச் சாணாக நறுக்கி, கழுத்தில் பள்ளம் கீறி
ஜோடி சேர்த்தேன்.
குறுக்கே, முறுக்கு, குறுக்கே.
மரமெல்லாம் டொக் டொக்கென்று பேச
மூங்கில் மட்டும்
கொஞ்சம் கீச்சுக் குரலில்.