ஒட்டுசுட்டான் அமர்வு, பிற்பகல்

மண்டபத்தின் நாலு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது.
அதன் கீழே ஆணைக்குழு.
எனக்கு யன்னலோரம் ஒரு மேசை,
சொன்னதைச் சொன்னபடி எழுத
ஒரு நாளுக்கு எழுநூற்றைம்பது ரூபா.

நாட்டுக்குப் புதிதாய் அரசியலமைப்பு எழுதப் போகினமாம்.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
படிவத்தின் ஏழாம் தலைப்பு
'சமயமும் ஒழுக்க விழுமியங்களும்.'
அதற்குக் கீழே விட்டிருந்த இடம் மூன்று வரி.

போதகர் யோபு நேசராசா
கடவுளின் பெயரோடு முகவுரை தொடங்கட்டும் என்றார்.
எந்தக் கடவுள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு பிந்தியிருக்கும்.

நீராவிப்பிட்டிச் சபூர் நானா
இருபது வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்தவர்.
எந்தச் சமயத்தையும் முதல் என்று எழுதவேண்டாம் என்றார்.
கொஞ்சம் நின்று,
"வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு
எங்களைப் போகச் சொன்னவையும்
சமயம் பார்த்துத்தான் சொன்னவை" என்றார்.
பின்வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது.
அதையும் எழுதினேன்.
எழுத முதல் என் கை ஒருதரம் நின்றது,
அதையும் இப்போது எழுதுகிறேன்.

மூன்றரைக்கு வந்தா இராசையா கமலவேணி.
முத்தையன்கட்டு இடதுகரை,
கடைமடை, ஒன்றரை ஏக்கர்,
கமக்காரர் அமைப்பின் பொருளாளர்.
கைப்பைக்குள் ஒரு படம் தெரிந்தது, பொடியன் ஒருவன், பள்ளிக்கூடச் சேட்டோடு.
அதை எடுக்கவில்லை.
அது வேறு ஆணைக்குழுவுக்காம்.

"எனக்குச் சமயம் கதைக்கத் தெரியாது.
தண்ணி தெரியும்.
குளத்தில தண்ணி குறைஞ்ச வருசம்
நாங்கள் கடைமடையிலயிருந்துதான் பாய்ச்சுறது.
தலைமடைக்காரன் வரம்பில நிண்டு பார்ப்பான்.
அவன்ர வாசலாலதான் தண்ணி போகும்,
மண்வெட்டி வைக்கேலாது.
ஐயனாருக்கு முன்னால சொன்ன சொல்லு.
வைச்சால் ஐயனார் பார்க்கிறாரோ தெரியாது,
சங்கம் தண்டம் எழுதும். ஆயிரத்தைந்நூறு.
காலையிலயிருந்து முதலிடம் முதலிடம் எண்டு கேக்குது.
தலைமடையில இருக்கிறவனுக்கு
முதலிடம் எண்டு ஏன் எழுதவேணும்?
அவன் அங்கதானே இருக்கிறான்."

மொழிபெயர்க்கிற தம்பி
கடைமடைக்குச் சிங்களத்தில் சொல் தேடினார்,
கையை நீட்டித் தூரத்தைக் காட்டினார்.
தலைவர், மின்னேரியாப் பக்கத்து வயற்காரர் ஒருவரின் மகனாம்,
தம்பி தேடி முடியமுன்னமே தலையாட்டிவிட்டார்.
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.
"இதை எந்தத் தலைப்பில் போடுவது? விவசாயமா?"
"ஏழில போடுங்கோ" என்றா அவ.

மூன்று வரி.
நான் எழுதினேன்:
'நீர்ப்பங்கீட்டில் சமத்துவம் பேணப்பட வேண்டுமென
விவசாயி ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'
இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

கையெழுத்து வைக்க வந்தவ பேனையைத் திறக்கவில்லை.
"வாசியும் பிள்ளை, கேப்பம்."
வாசித்தேன்.
"இதில தண்டம் எங்கே?
பார்த்துக்கொண்டு நிக்கிறவன் எங்கே?"

பின்னால் பதினொரு பேர் நின்றார்கள்.
கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு.
தாளைத் திருப்பி
வெறும் பக்கத்தில், கோடில்லாத இடத்தில்
அவ சொல்லச் சொல்ல எழுதினேன்.
ஐயனாருக்கு ஒரு முழு வரி போனது.
பின்பக்கத்தை யாரும் பார்ப்பார்களா என்று அவ கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கோப்புகள் சிவப்பு நாடாவில் கட்டுண்டு கொழும்புக்குப் போயின.
அதற்குப் பிறகு குளம் மூன்று தரம் வான் பாய்ந்துவிட்டது.
கடுதாசி ஒன்றும் வரவில்லை.

இந்த வருசம் மழை பொய்த்தது.
போன கிழமை இடதுகரையால் சைக்கிளில் வந்தேன்.
வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர்
கீழே போய்க்கொண்டிருந்தது.
தலைமடை வரம்பில் ஒருவர்,
பயிர் பாதி மஞ்சளித்திருந்தது,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.
மண்வெட்டி மரத்தடியில் கிடந்தது.
கண்டதும்
"அங்கால பாய்ஞ்சு முடியுதோ?" என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.