பன்னிரண்டு பிழைகள்

விதியைச் சொல்லக்கூடாது என்பது முதல் விதி.
நான்கு அட்டைகளை வரிசையாய் வைப்பேன்:
ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம்,
மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம்.
கையிலுள்ளதை எதன் கீழ் வைப்பதென்று
நீங்களே கண்டுபிடியுங்கோ.
என்னிடம் இருப்பது இரண்டே சொல்,
சரி, பிழை.

திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த முன்னறை.
விசிறி சுற்றினால் அட்டை பறக்கும்,
நிறுத்தினால் தாளில் வேர்வை விழும்,
அரைவேகத்தில் விட்டிருக்கிறேன்.
எதிரே தேவகடாட்சம். வயது நாற்பத்தாறு.
பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளர்.
சட்டைப்பையில் இரண்டு பேனை இருந்தும்
என்னுடையதைத்தான் வாங்கினார்.

முதலில் வினாக்கொத்து.
சென்னையில் யாரோ மொழிபெயர்த்த இருபது வசனம்,
ஒன்றிலிருந்து ஏழுக்குள் வட்டமிட வேண்டும்.
'நெகிழ்வெண்டா? உருகிறதோ,
இல்லாட்டி வளைஞ்சு குடுக்கிறதோ?
ரெண்டும் ஒண்டில்லைப் பிள்ளை.'
உங்களுக்கு விளங்கிறபடி போடுங்கோ என்றேன்.
அதுவும் பயிற்சியில் தந்த வசனம்தான்.

நினைத்தது நடக்காவிட்டால் வேறு வழி தேடுவேன்.
ஏழு.
'நாலரை பஸ் வராட்டி அஞ்சு மணியானை
முன்னுக்கு விடுவன். இதுக்கும் ஒரு கேள்வியோ?'
மனம் சரியில்லாத நாளிலும் என் வேலை நடக்கும்.
ஏழு.
நடந்து முடிந்தவை என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன.
பேனை கொஞ்சம் நின்றது.
ஒன்றுக்கு வட்டம் போட்டார்.
வட்டம் இரண்டையும் தொட்டது.

பிறகு அட்டைகள்.
நிறம் என்று கெதியாகவே பிடித்துக்கொண்டார்.
தொடர்ந்து பத்துச் சரி.
முகத்தை மாற்றாமல் விதியை மாற்றினேன்.
சிவப்பின் கீழ் சிவப்பை வைத்தார். பிழை.
பச்சையின் கீழ் பச்சை. பிழை.
நீலம். பிழை.
எல்லாப் பிழையையும் ஒரே தொனியில் சொல்ல வேண்டும்.
ஆறாவதில் என் தொனி
அவரைக் கெஞ்சத் தொடங்கியிருந்தது.
பன்னிரண்டு.
பதின்மூன்றாவதை வடிவத்துக்குக் கீழே வைத்தார்,
வைக்க இடமில்லாமல் வைத்ததுபோல.

முடிந்த பிறகு கேட்டேன். கேட்கக்கூடாது.
விதி மாறினது விளங்கேல்லையோ?
'ரெண்டாம் பிழையிலயே விளங்கினது.'
பேந்து ஏன்?
'நிறம் திரும்பி வரும் எண்டு பாத்தன்.
வந்ததுதானே?'

வந்தது. நாலாம் சுற்றில் நிறம்தான் விதி.
அங்கே அவருக்கு ஒரே ஒரு பிழை,
எவருக்கும் தப்பாத பிழை.

விடாப்பிடிப் பிழைகள் என்ற கட்டத்தில்
பன்னிரண்டு என்று எழுதினேன்.
பார்த்துக்கொண்டிருந்தவை எத்தனை என்று
ஒரு கட்டம் எவரும் கீறவில்லை.
வினாக்கொத்தில் முதல் பத்துப் பேரில் ஒருவர்,
அட்டையில் ஆகக் கடைசி.
எண்பத்தொரு பேரைச் சோதித்தாயிற்று,
இரண்டு தாளும் ஒரே ஆளைப் பற்றிக் கதைத்ததை
நான் அதிகம் காணவில்லை.

ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தேன்.
எங்கள் பக்கத் தெருவில் முள்ளுக்கம்பி எடுத்து
வருசம் ஒன்றரையாகிறது.
நேரே போனால் ஏழு நிமிடம்.
இன்றைக்கும் சந்தியில் என் கை
தானாக இடப்பக்கம் சிக்னல் போட்டது.
தோட்டவெளியால் சுற்றி,
புகையிலைக்குத் தண்ணி மாறுகிற ஆட்களைத் தாண்டி
இருபத்தைந்து நிமிடம்.
கம்பி எடுத்தது எனக்கும் தெரியும்,
ரெண்டாம் நாளே தெரியும்.

கம்பி இருந்த இடத்தில்
ஒரு சீமெந்துத் தூண் மட்டும் மிச்சம்.
திரும்புமுன் அந்தப் பக்கம் ஒருக்கால் பார்த்தேன்.
சரி என்றோ பிழை என்றோ சொல்ல
அங்கே ஒருத்தரும் இருக்கவில்லை.