பத்தாம் நம்பர்

எம்.சி. ரோட்டில் ஆறு கடை ஏறி இறங்கி
ஏழாவதில்,
"அக்காவுக்கு அவ்ளோ பெரிய காலாண்ணே?"
"எனுக்குத்தாம்பா" என்றார் எத்திராஜ்.
ஏணி ஏறிய பையன்
ரொம்ப நேரம் இறங்கவில்லை.

மூன்று அங்குலக் குதி. கறுப்பு.
வார் மட்டும் செங்கல் நிறம்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
பைக்குகள் எல்லாம் அவர் காலைப் பார்க்க
அவர் டேங்கர் வேகன்களை எண்ணுகிறார்.
நாற்பத்தொன்று.

திறந்ததும் நடந்தார்.
தண்டவாள இடுக்கில் குதி மாட்டிக்கொண்டது.
பின்னால் ஹாரன், ஹாரன்,
யாரோ விசில்.

மீன்கூடையை ஒரு கையில் பிடித்தபடி
தோள் கொடுத்தாள் பவுனு.
கால் வெளியே வந்தது.
குனிந்து பார்த்தாள்:
"ஈரத்துல வழுக்குமா இது?"

செருப்பைப் பற்றி
அன்றைக்கு வந்த முதல் கேள்வி.

"தெரில. மழ வரட்டும், சொல்றேன்."

இரண்டு பேரும்
அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள்.
ஹாரன்.