நாற்பதாம் நாள்

தார்த்து நகரத்து மரவீடு. படிக்கட்டின் அடியில்
மூடி உடைந்த ஒரு மடிக்கணினி.
ஐந்து பேருக்கும் பாட்டு அதிலிருந்துதான்.

போன பிப்ரவரியில் ரௌனோ, குடித்துவிட்டு,
பிடிக்காத ஒரு பாட்டை அழிக்கப்போய்
ஹெல்வியின் பன்னிரண்டு வருடச் சேகரிப்பைத் துடைத்துவிட்டான்.
இரண்டு வாரம் சமையலறையில் யாரும் பேசவில்லை,
கெட்டில் மட்டும்.

அதன்பிறகு நான் எழுதிய நிரல் இது:
அழி என்றால் அழியாது.
கோப்பு நிலவறைக்குப் போகும்,
நாற்பது நாள் கிடக்கும்.
அடுத்தவர் ஏற்றியதில் கை வைக்க முடியாது.

லீஸ்பெட் மட்டும் ஒரே கோப்பைத்
திரும்பத் திரும்ப அழிக்கிறாள்.
யாரோ அக்கார்டியன் வாசிக்கிறார்கள், நடுவில் இருமல்,
பிறகு ஒரு சிரிப்பு.
முப்பத்தொன்பதாம் நாள் இரவு அவளே மீட்டுவிடுவாள்.
பதிவேட்டில் எல்லாம் தெரியும். நான் கேட்டதில்லை.

இன்று நாற்பது.
மணி மூன்று ஐம்பது, தெருவில் பனி வாரும் வண்டி.
நிர்வாகி நான். ஒரு வரி தட்டினால் நின்றுவிடும்.
படியில் எட்டிப் பார்த்தேன்:
அவள் கதவடியில் வெளிச்சக் கோடு.
விழித்துத்தான் இருக்கிறாள்.

கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நான்கு மணிக்குப் பதிவேட்டில் ஏறியது:
விடுபட்ட இடம், எட்டு மெகாபைட்.